பயங்கரவாதத் தரவைப் படிப்பது எப்படி: பெரு நாட்டை வைத்து ஒரு செய்முறை

உலகத்தில் பயங்கரவாதம் கூடுகிறதா குறைகிறதா என்று இணையத்தில் வாக்குவாதம் வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் ஒரு கிராஃபைத் தூக்கிப் போடுவார். 1970இல் தொடங்கி ஏறி இறங்கி, 1998இல் தொபுக்கென்று விழுந்து, 2012க்கு அப்புறம் செங்குத்தாகக் கிளம்பி, 2014இல் உச்சத்தைத் தொடும் அந்தக் கோட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதே கோட்டை நீங்களே வரையலாம், அரைமணி நேர வேலைதான். ஆனால் அதில் எந்த மேடு நிஜமாக நடந்தது, எந்த மேடு கணக்கெடுத்த ஆட்கள் மாறியதால் வந்தது என்று பிரித்தறியக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். அந்த மெனக்கெடலை எங்கே, எப்படிச் செய்வது என்பதுதான் இந்த வழிகாட்டி.

முதலில் தரவு. அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் ஸ்டார்ட் ஆய்வு மையம் பராமரிக்கும் உலகப் பயங்கரவாதத் தரவுத்தளம், சுருக்கமாக ஜிடிடி, தான் பெரும்பாலானவர்கள் கைவைக்கும் இடம். அவர்கள் தளத்தில் படிவம் நிரப்பி, நிபந்தனைகளுக்கு ஒப்புக்கொண்டு வாங்கலாம். பழகிப் பார்க்க மட்டும் என்றால், தரவுத் தொகுப்புகளைப் பகிரும் காகிள் தளத்தில் 1970 முதல் 2017 வரையிலான பதிப்பு கிடக்கிறது: 1,81,691 வரிசைகள், 135 பத்திகள் (அதாவது நெடுவரிசைகள்). எக்செல் தாங்கும், கொஞ்சம் முனகும். பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர்கள் அதன் பாண்டாஸ் கருவியில் திறக்கும்போது குறியேற்றப் பிழை வந்தால் பயப்பட வேண்டாம், அந்தக் கோப்பு யூடிஎஃப்-8 இல்லை, லத்தீன்-1 என்று சொல்லித் திறந்தால் திறந்துவிடும். எக்செல்காரர்களுக்கு வேறொரு தொல்லை: முதல் பத்தியில் இருக்கும் 12 இலக்க சம்பவ எண்ணை எக்செல் சுருக்கி அடுக்கு வடிவில் காட்டும், அந்தப் பத்தியை எண் வடிவத்துக்கு மாற்றி தசமத்தை நீக்கிவிடுங்கள். அந்த எண்ணின் முதல் எட்டு இலக்கம் ஆண்டு, மாதம், நாள், கடைசி நான்கு வரிசை எண். இதைத் தெரிந்துவைத்துக்கொண்டால் பின்னால் ஒரு சம்பவத்தைத் தேடிப்பிடிக்க எளிது.

அதோடு, ஒவ்வொரு பத்திக்கும் என்ன அர்த்தம் என்று சொல்லும் குறியீட்டுக் கையேட்டையும் இறக்கிக்கொள்ளுங்கள். யாரும் படிக்க மாட்டார்கள், நீங்கள் படியுங்கள். இந்த வேலையில் பாதி அதற்குள்தான் இருக்கிறது.

இனி ஒரு நாட்டைத் தேர்ந்தெடுங்கள். மொத்த உலகத்தையும் ஒரே கோட்டில் வரைந்தால் இராக்கும் பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும், ஒன்றும் புரியாது. நான் பெருவை எடுத்துக்கொள்கிறேன். ஒரே முக்கிய இயக்கம், தொடங்கிய நாள் தெரியும், தலைவர் பிடிபட்ட நாள் தெரியும், அதற்குமேல் ஜிடிடியோடு ஒப்பிட்டுப் பார்க்க உண்மை ஆணையம் ஒன்று எடுத்த தனிக் கணக்கும் இருக்கிறது. இப்படி மூன்றும் அமைவது அபூர்வம்.

கதைச் சுருக்கம்: ஆண்டிஸ் மலைப்பகுதியில் உள்ள அயாகூச்சோவின் பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்த அபிமாயில் குஸ்மான் உருவாக்கிய மாவோயிச இயக்கம் ஒளிரும் பாதை. பன்னிரண்டு ஆண்டு ராணுவ ஆட்சி முடிந்து தேர்தல் நடக்கவிருந்த வேளையில், 1980 மே 17 அன்று சுஸ்ச்சி என்ற மலைக்கிராமத்தில் வாக்குப்பெட்டிகளை எரித்துப் போரைத் தொடங்கினார்கள். 1992 செப்டம்பர் 12 அன்று தலைநகர் லிமாவில் ஒரு நடனப் பள்ளியின் மாடியில் குஸ்மானைப் போலீஸ் பிடித்தது. காகிள் பதிப்பில் பெருவின் பெயரில் 6,096 சம்பவங்கள், அதில் ஒளிரும் பாதையின் பெயரில் மொத்தம் 4,555. தாலிபான், ஐஎஸ் இரண்டுக்கும் அடுத்து அந்தக் கோப்பிலேயே அதிகப் பதிவு உள்ள இயக்கம் இதுதான்.

சரி, பெருவை மட்டும் வடிகட்டி, பிவட் டேபிளில் (தரவைத் தொகுத்துக் கூட்டிக் காட்டும் எக்செல் அட்டவணை) ஆண்டை இடதுபக்கம் போட்டு, சம்பவ எண்ணிக்கையையும் இறந்தவர் தொகையையும் எடுங்கள். இப்போது கிராஃப் வரையலாம் என்று கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள்.

பிவட் டேபிளின் இடதுபக்க ஆண்டுகளை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் பாருங்கள். 1991, 1992, 1994. நடுவில் 1993 இல்லை. பெருவில் அந்த வருடம் ஒன்றும் நடக்காததால் அல்ல, கோப்பு முழுவதிலுமே எந்த நாட்டுக்கும் 1993 கிடையாது. 1970 முதல் 1997 வரையிலான பதிவுகளைச் சேகரித்தது பிங்கர்ட்டன் என்ற தனியார் பாதுகாப்பு நிறுவனம், தன் வாடிக்கையாளர்களுக்காக அட்டைகளில் எழுதிவைத்தது. அலுவலகம் மாற்றியபோது 1993ஆம் ஆண்டு அட்டைகள் தொலைந்துபோயின. பிறகு பழைய செய்திகளைத் தோண்டி மீண்டும் சேர்க்க முயன்றதில் சிறு பகுதிதான் தேறியது. எஞ்சியிருந்த அறிக்கைகளிலிருந்து நாடுவாரியான கூட்டுத்தொகையை மட்டும் கையேட்டின் பின்னிணைப்பில் தந்திருக்கிறார்கள்.

பெருவைப் பொறுத்தவரை இது எவ்வளவு பெரிய ஓட்டை என்று யோசித்துப் பாருங்கள். தலைவன் பிடிபட்டால் இயக்கம் ஓய்ந்துவிடுமா, வெறிகொண்டு இன்னும் அடிக்குமா என்பதுதான் இந்தத் துறையிலேயே அதிகம் அடிபடும் கேள்வி, அதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் குஸ்மான், அவர் பிடிபட்டதற்கு அடுத்த வருடம்தான் தரவில் இல்லை! பிவட் டேபிளிலிருந்து நேராக கிராஃப் போட்டால் எக்செல் 1992க்கும் 1994க்கும் பக்கத்துப் பக்கத்தில் புள்ளிவைத்து அழகாக ஒரு கோடு இழுத்துவிடும், பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. ஆகவே எண்களை வேறு தாளுக்கு வெறும் மதிப்புகளாக நகலெடுத்து, 1993க்கு ஒரு வரிசை செருகி, பக்கத்துக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். பூஜ்யம் போட்டுவிடாதீர்கள், அது ஓட்டையை விடப் பெரிய பொய். கோடு அங்கே உடைந்து நிற்க வேண்டும். பின்னிணைப்பில் உள்ள கூட்டுத்தொகையைப் போட விரும்பினால் வேறு நிறத்தில் தனிப் புள்ளியாகப் போடுங்கள்.

இதேபோல, கணக்கெடுத்தவர்கள் மாறிய இடங்களில் இன்னும் மூன்று தையல்கள் இந்தத் தரவில் உண்டு. 1997 வரை பிங்கர்ட்டன், 1998 முதல் 2008 மார்ச் வரை இன்னொரு குழு, 2008 ஏப்ரல் முதல் 2011 அக்டோபர் வரை மூன்றாவது குழு, அதற்குப் பிறகு ஸ்டார்ட் மையமே நேரடியாக. பிங்கர்ட்டன் அன்றன்றைக்கு நடப்பதை அன்றன்றைக்கே எழுதியது. அடுத்து வந்த குழுவோ நடந்து பல வருடம் கழித்துப் பழைய செய்திகளைத் தேடிச் சேர்த்தது, சிறு ஊர்ப் பத்திரிகைகள் அதற்குள் காணாமல் போயிருக்கும். விளைவு, உலக எண்ணிக்கை 1997இல் 3,197, 1998இல் 934. ஒரே வருடத்தில் உலகம் அவ்வளவு நல்லதாகிவிட்டதா என்ன? மறுபக்கம் 2011இல் 5,076, 2012இல் 8,522. சிரியாவும் இராக்கும் எரிந்துகொண்டிருந்தது உண்மை, ஆனால் அதே நேரத்தில்தான் ஏராளமான செய்திகளை இயந்திரத்தை விட்டு வடிகட்டும் முறையும் வந்தது, ஏற்றத்தில் ஒரு பங்கு அதனால் வந்தது என்று ஸ்டார்ட் மையமே எச்சரித்திருக்கிறது. கிராஃபில் இந்த ஆண்டுகளில் மேலிருந்து கீழாக மெல்லிய புள்ளிக்கோடு போட்டுவிடுங்கள், ஒரு தையலைத் தாண்டி இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் ஒப்பிடாதீர்கள். பெருவின் முக்கியக் காலம் முழுக்க முதல் தையலுக்கு முன்னாலேயே வருவது நமக்கு வசதி.

அடுத்து வடிகட்டிகள். பயங்கரவாதம்தானா என்று சந்தேகம் உள்ள சம்பவங்களைக் குறிக்க ஒரு பத்தி இருக்கிறது. சுத்தமான தரவு வேண்டும் என்று ஆசைப்பட்டு, சந்தேகம் இல்லாதவை மட்டும் என்று அதில் பலரும் வடிகட்டுவார்கள். 1997க்குப் பிந்தைய சம்பவங்களுக்குத்தான் அந்தப் பத்தி ஒழுங்காக நிரப்பப்பட்டிருக்கிறது, பழையவற்றில் பலவற்றுக்குக் கழித்தல் 9, அதாவது குறிக்கப்படவில்லை, என்றுதான் இருக்கும். ஆகவே அந்த வடிகட்டியைப் போட்டால் 1980களின் பெருவில் ஒரு பங்கு மாயமாகிவிடக்கூடும், வடிகட்டியவருக்கோ தெரியவே தெரியாது. எந்த வடிகட்டி போட்டாலும் போடுவதற்கு முன்னும் பின்னும் ஆண்டுவாரி எண்ணிக்கையை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஏதாவது ஒரு காலகட்டம் மட்டும் மொத்தமாகச் சரிந்திருந்தால் வடிகட்டியில்தான் கோளாறு. மாதவாரியாகவோ கிழமைவாரியாகவோ பார்க்கப் போகிறவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள்: நாள் தெரியாத சம்பவங்களில் நாள் என்ற இடத்தில் பூஜ்யம் இருக்கும், அவற்றை ஒதுக்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

இறந்தவர் எண்ணிக்கைப் பத்தியில் காலிக் கட்டமும் பூஜ்யமும் வேறுவேறு. பூஜ்யம் என்றால் யாரும் சாகவில்லை, காலி என்றால் தெரியவில்லை. காகிள் கோப்பில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சம்பவங்களில் இது காலி. கூட்டும்போது எக்செல் இரண்டையும் ஒன்றாகவே பாவிக்கும். அதனால் கூட்டுத்தொகையோடு, காலி எத்தனை என்பதையும் ஆண்டுவாரியாக எண்ணிப் பக்கத்தில் வையுங்கள், காலி அதிகமுள்ள ஆண்டின் இறப்புத் தொகையை நம்பி எதுவும் பேசாதீர்கள். தாக்கியவர்களின் இறப்பும் இந்த எண்ணில் சேர்ந்திருக்கிறது, அதற்குத் தனிப் பத்தியும் இருக்கிறது, வேண்டுமானால் கழித்துக்கொள்ளலாம்.

எண்ணிக்கை தெரிந்த சம்பவங்களிலும் ஏறக்குறைய பாதியில் யாருமே சாகவில்லை. மறுகோடியில் ஒரே நாளில் மூவாயிரம் பேர் இறந்த 2001 செப்டம்பர் 11. இப்படிப்பட்ட தரவில், ஒரு தாக்குதலுக்குச் சராசரியாக இத்தனை பேர் என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. யாரும் சாகாதவை எத்தனை, ஒன்று முதல் பத்துவரை எத்தனை, பத்துக்கு மேல் எத்தனை என்று மூன்று கட்டாகப் பிரித்துப் பாருங்கள். ஒளிரும் பாதை லிமாவுக்கு மின்சாரம் கொண்டுவந்த கோபுரங்களைக் குண்டுவைத்துச் சாய்த்து நகரத்தை இருட்டாக்கிய இரவுகளும் இந்தத் தரவில் சம்பவங்கள்தான், 1983 ஏப்ரல் 3 அன்று லுக்கானமார்க்காவில் குழந்தைகள் உட்பட 69 கிராமத்தாரை வெட்டியும் சுட்டும் கொன்றதும் அதேபோல ஒரு வரிசைதான்.

ஒரு வரிசை என்பது எது என்பதற்கும் விதி உண்டு. இடமும் நேரமும் தொடர்ச்சியாக இருந்தால் ஒரு சம்பவம், இல்லாவிட்டால் தனித்தனி. செப்டம்பர் 11 நான்கு வரிசை. இலங்கையில் 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறு அன்று கொச்சிக்கடை, நீர்கொழும்பு, மட்டக்களப்பு தேவாலயங்களிலும் கொழும்பு ஓட்டல்களிலும் வெடித்ததை நாம் ஒரே தாக்குதலாகத்தான் பேசுகிறோம், அந்த விதிப்படி அது பல. இதனால் சம்பவ எண்ணிக்கை மட்டும் பார்த்து ஒரு நாடு மோசமாகிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. அதே ஈஸ்டர் தாக்குதலில் இறந்தவர் 359 என்று அரசு அறிவித்தது, மறுநாளே அது 253 ஆகக் குறைந்தது, சிதைந்த உடல்களை இருமுறை எண்ணிவிட்டதாகச் சுகாதார அமைச்சு விளக்கம் தந்தது. முதல் வாரச் செய்தியை வைத்து மட்டும் பதிவு போட்டிருந்தால் நூறு பேர் கூடுதலாகவே காலத்துக்கும் நின்றிருக்கும். சமீபத்திய ஆண்டுகளின் எண்களை எப்போதும் பென்சிலால் எழுதியதாகவே நினையுங்கள்.

இயக்கத்தின் பெயர் இருக்கும் பத்தியில் அதிகம் வரும் பெயர் எது தெரியுமா? தெரியாதவர் என்பதுதான். காகிளில் 82,782 வரிசைகள், கிட்டத்தட்ட பாதி. ஆகவே ஓர் இயக்கத்தின் கோடு ஏறினால், அது அதிகம் அடிக்கிறது என்றும் இருக்கலாம், அதிகம் உரிமைகோருகிறது என்றும் இருக்கலாம், பத்திரிகைகள் எல்லாப் பழியையும் அதன்மேல் போடுகின்றன என்றும் இருக்கலாம். இயக்கத்தின் கோட்டையும் தெரியாதவர் கோட்டையும் ஒரே கிராஃபில் வரையுங்கள். ஒன்று ஏற இன்னொன்று அதே அளவு இறங்கினால் மாறியது பெயர்தான், வன்முறை இல்லை.

மேப் போடுபவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. அட்சரேகை, தீர்க்கரேகைக்குப் பக்கத்தில் இடம் எவ்வளவு துல்லியம் என்று 1 முதல் 5 வரை மதிப்பெண் இருக்கும். 1 தவிர மற்றவற்றை நீக்கிவிட்டுப் பாருங்கள், மாவட்டத்தின் நட்டநடுவில் மொய்த்துக் கிடக்கும் பொய்ப் புள்ளிகள் பல போய்விடும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். இந்தத் தரவுக்குள் வராதது எது?

முதலாவது, அரசு செய்வது. ஜிடிடியின் வரையறையே அரசு அல்லாதவர்கள் அரசியல், பொருளாதார, மத, சமூக நோக்கத்துக்காகச் சட்டவிரோத வன்முறையைப் பயன்படுத்துவது அல்லது மிரட்டுவது என்பதுதான். லிமாவில் 1991 நவம்பர் 3 அன்று பாரியோஸ் ஆல்ட்டோஸ் பகுதியில் ஒரு விருந்துக்குள் புகுந்து 15 பேரைச் சுட்டுக்கொன்றது ராணுவத்தின் ரகசியக் குழு, அதற்கு இந்த வரையறையில் இடமில்லை. நம் பக்கத்தில் பார்த்தால் முள்ளிவாய்க்கால். 2009 கடைசி மாதங்களில் பொதுமக்கள் இறப்பு 40,000 வரை இருந்திருக்கலாம் என்பதை மறுக்க முடியாது என்று ஐநா நிபுணர் குழு 2011இல் சொன்னது, ஜிடிடியில் இலங்கையின் 2009ஐத் திறந்தால் எறிகணையில் செத்தவர்களைத் தேடிப் பயனில்லை. இதைத் தரவுத்தளத்தின் குற்றமாகச் சொல்லவில்லை, அது எண்ண வந்ததை எண்ணுகிறது. அதை வைத்து ஒரு போரின் மொத்தக் கணக்கையும் சொல்ல வருபவர்கள்மேல்தான் எனக்கு எரிச்சல்.

இரண்டாவது, செய்தியாகாதது. ஜிடிடி பெரும்பாலும் செய்திகளிலிருந்து தொகுக்கப்படுவது, நிருபர் போகாத ஊரில் நடந்தது அதற்குத் தெரியாது. 1983 ஜனவரி 26 அன்று அயாகூச்சோ மலையில் உச்சுராக்காய் என்ற கிராமத்துக்குச் செய்தி சேகரிக்கப் போன எட்டுப் பத்திரிகையாளர்களை ஒளிரும் பாதைக்காரர்கள் என்று நினைத்து ஊரார் அடித்தே கொன்றார்கள். அதற்குப் பிறகு அந்த மலைக்குள் போக எந்த நிருபருக்குத் தைரியம் வரும்? ஆனால் கொலை மிக மோசமாக நடந்தது அந்த 1983, 84 ஆண்டுகளில்தான். 2003இல் அறிக்கை தந்த பெருவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் இரண்டு உச்சங்களைச் சொல்கிறது, 1983-84 ஒன்று, 1989-90 இன்னொன்று. நீங்கள் வரைந்த கிராஃபில் இறப்புக் கோட்டை எடுத்து இந்த இரண்டு உச்சங்களும் ஒரே உயரத்தில் தெரிகின்றனவா என்று பாருங்கள். பிறகு கிராமங்களில் நடந்ததை மட்டும், லிமாவில் நடந்ததை மட்டும் எனப் பிரித்து வரையுங்கள்.

அந்த ஆணையம் கணக்கெடுத்த விதத்தைத் தெரிந்துகொள்வது எந்தத் தரவைப் பார்ப்பவருக்கும் நல்லது. அதுவரை 25,000 பேர் அளவில்தான் இறந்திருப்பார்கள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஆணையத்திடம் வந்த சாட்சியங்கள், மக்கள் குறைகேட்பு அலுவலகத்தின் பட்டியல், மனித உரிமை அமைப்புகளின் பட்டியல் எல்லாவற்றையும் ஒப்பிட்டு, ஒரே ஆளின் பெயர் எத்தனை பட்டியலில் வருகிறது என்று பார்த்தார்கள். குளத்தில் பத்து மீன் பிடித்து அடையாளம் போட்டு விட்டுவிட்டு மறுநாள் பிடிக்கும்போது அடையாளமிட்டவை எத்தனை சிக்குகின்றன என்பதை வைத்து குளத்தில் மொத்தம் எவ்வளவு என்று கணிப்பது மாதிரிதான் இதுவும். பட்டியல்கள் ஒன்றோடொன்று அதிகம் ஒத்துப்போகாவிட்டால் எந்தப் பட்டியலிலும் வராதவர்கள் ஏராளம் என்று அர்த்தம். விடை 69,280, நிச்சயமின்மை எல்லை 61,007 முதல் 77,552 வரை. பாதிக்கப்பட்டவர்களில் நான்கில் மூன்று பங்கு கெச்சுவா போன்ற பூர்வகுடி மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். தலைநகரத்துப் பத்திரிகை படித்தவர்கள் இத்தனை ஆயிரம் பேர் குறைந்துபோனதைக் கவனிக்கவே இல்லை. இந்தக் கணக்கையும் கேள்வி கேட்காமல் யாரும் விட்டுவிடவில்லை. 2019இல் சில்வியோ ரெண்டோன் என்ற பொருளியலாளர் வேறு முறையில் கணித்து 48,000 அளவில்தான் வரும் என்றார், ஆணையத்துக்குக் கணக்குப் போட்டுத் தந்தவர்கள் அதற்கு மறுப்பு எழுதினார்கள்.

மக்கள்தொகையால் வகுக்காமல் எந்த ஒப்பீடும் செய்யாதீர்கள் என்பதற்கும் அதே அறிக்கையில் உதாரணம் இருக்கிறது: அயாகூச்சோவில் செத்த விகிதத்திலேயே நாடு முழுக்கச் செத்திருந்தால் பெருவில் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள், அதில் லிமாவில் மட்டும் சுமார் 3,40,000 பேர். வெறும் எண்ணிக்கையில் பார்த்தால் இது தெரியாது.

சரி, கோடு 1992க்கு அப்புறம் இறங்குகிறது, குஸ்மான் பிடிபட்டதால்தானா? இங்கேதான் பலரும் அவசரப்படுவார்கள். அதே சமயத்தில் கிராமத்து ஊர்க்காவல் படைகளுக்கு அரசு துப்பாக்கி கொடுத்திருந்தது, 1992 ஏப்ரல் 5 அன்று அதிபர் ஃபுஜிமோரி நாடாளுமன்றத்தைக் கலைத்து அதிகாரத்தை எடுத்துக்கொண்டார், சரணடைபவர்களுக்குத் தண்டனை குறைக்கும் சட்டம் வந்தது, 1993இல் குஸ்மானே சிறையிலிருந்து சமாதானம் பேசலாம் என்று எழுதினார், அதில் இயக்கம் இரண்டாக உடைந்தது. இத்தனையும் ஒன்றின் தோளில் ஒன்று நிற்கின்றன. ஆண்டுவாரி எண்ணை வைத்துக்கொண்டு இவற்றைப் பிரிக்க வழியே இல்லை. மாதவாரியாக எடுத்து, 1992 செப்டம்பருக்கு முந்தைய மாதங்களைப் பாருங்கள், மாகாணவாரியாகவும் பிரியுங்கள். ஊர்க்காவல் படை வலுவாக இருந்த மலைப்பகுதியில் முன்பே இறங்கத் தொடங்கி, லிமாவில் மட்டும் கைதுவரை ஏறிக்கொண்டே இருந்தால் ஒரு விடை, எல்லா இடத்திலும் ஒரே மாதத்தில் முறிந்தால் இன்னொரு விடை. அந்த வருடம் ஜூலை 16 அன்று லிமாவின் பணக்காரப் பகுதியான மிராஃப்ளோரஸில் தராத்தா தெருவில் கார் குண்டு வெடித்தது. மலையில் வருடக்கணக்காக மக்கள் செத்துக்கொண்டிருந்தது லிமாவாசிகள் பலருக்கும் அன்றுதான் உறைத்தது என்பார்கள், அதனால் அந்த மாதத்துச் செய்திகளின் எண்ணிக்கையும் கூடியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

ஒரே தரவுத்தளத்தோடு நிற்காதீர்கள். தெற்காசியாவுக்கு டெல்லியிலிருந்து நடத்தப்படும் தெற்காசிய பயங்கரவாத இணையவாயில் இருக்கிறது, அரசுப் படைகளும் ஈடுபடும் மோதல்களுக்கு ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத் தரவும், மோதல் சம்பவங்களைத் தொகுக்கும் ஆக்லெட் அமைப்பின் தரவும் இருக்கின்றன. ஒவ்வொன்றின் வரையறையும் வேறு, எண்கள் ஒத்துப்போகாது, ஒத்துப்போகாத இடத்தைத்தான் தோண்ட வேண்டும். ஆண்டுதோறும் செய்தியில் வரும் உலகப் பயங்கரவாதக் குறியீட்டின் தரவு மூலமும் 2022 பதிப்பிலிருந்து மாறிவிட்டது, பழைய பதிப்பின் தரவரிசையோடு புதியதை ஒட்டவைத்துக் கிராஃப் போட்டவர்களை நிறையப் பார்க்கலாம்.

கடைசியாக, நீங்கள் வரைந்ததை வெளியிடும்போது கிராஃபின் அடியிலேயே எந்தத் தளம், எந்தப் பதிப்பு, எந்த நாளில் இறக்கியது, என்ன வடிகட்டி போட்டது, 1993ஐ என்ன செய்தது, காலிக் கட்டங்களை என்ன செய்தது என்று நாலு வரி எழுதிவிடுங்கள். தனிப் பக்கத்தில் எழுதினால் பயனில்லை, வாட்ஸப்பில் சுற்றப்போவது படம் மட்டும்தான்.